பதிவேடும் பாதையும்

கிழக்கு மாகாணத் தமிழருக்குப் பாதை என்னும் சொல் இரு பொருள் தருவது. நடந்து செல்லும் வழியும் பாதை. ஆறும் களப்பும் குறுக்கிட்ட இடத்தில் ஆளையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு அக்கரை சேர்க்கும் மிதவையும் பாதை. திருகோணமலையிலிருந்து தரைமார்க்கமாகக் கிளிவெட்டிக்குச் செல்ல எண்ணியவர்கள் நெடுங்காலம் இவ்விரண்டையும் நம்பியே புறப்பட்டனர். கிண்ணியாவில் ஒரு பாதை, உப்பாற்றில் ஒரு பாதை, கங்கையில் ஒரு பாதை எனத் துறைதோறும் இறங்கி ஏற வேண்டியிருந்தது. 2009 ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதனையடுத்து ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. அதற்கு முற்பட்ட நாள்களில், அடுத்த துறையில் பாதை ஓடுகிறதா, கரையில் கட்டப்பட்டுவிட்டதா என்பதைப் பிரயாணிக்குத் தெரிவித்தது எதிரே வந்தவரின் வாய்ச்சொல்லே. ஓடுகிறது என்றால் நடையைத் தொடர்வான். இல்லை என்றால் வேறு வழி பார்ப்பான். சொன்னவர் யார், சொன்னது மெய்தானா என்று ஒப்புநோக்க ஏடு எதுவும் வழியில் இருந்ததில்லை.

இன்று கிளிவெட்டியில் வயற்கரையில் நிற்கும் ஒருவர் தம் கைத்தொலைபேசியில் எடுத்த படத்தை ரொறன்ரோவிலுள்ள உடன்பிறந்தாளுக்கு அனுப்புகிறார். கண்மூடித் திறப்பதற்குள் அது போய்ச் சேருகிறது. விந்தை யாதெனில், அந்தப் படமும் பழைய பிரயாணியைப் போல வாய்ச்சொல்லை நம்பியே செல்கிறது. பாலங்கள் எழுந்துவிட்ட இக்காலத்திலும் இணையத்தின் பெருவழிகளில் அம்முறை முற்றாக மாறிவிடவில்லை. அம்முறையின் வரலாற்றையும், அதனுள் பேசாது கிடக்கும் சில எண்களின் கதையையும், அவ்வெண்களுக்குக் காவல் வேண்டியதாயிற்று எவ்வாறு என்பதையும் எடுத்துரைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

இணையம் என்பது ஒரே வலை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது பல்லாயிரம் தனித்தனி வலைகளின் கூட்டு. ஒரு தொலைபேசிக் கம்பனி, ஒரு பல்கலைக்கழகம், ஒரு வங்கி, ஓர் அரசாங்கத் திணைக்களம் ஆகிய ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் தானே அரசாக ஒரு வலையமைப்பை நடத்தக்கூடும். தன் வீட்டுக்குள் விளக்கை எங்கே வைப்பது என்று அயலவரைக் கேளாதவாறு, தன் வலைக்குள் செய்தி எவ்வழி செல்லவேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கும். இத்தகைய ஒரு வலையமைப்புக்குத் தன்னாட்சி வலையமைப்பு என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. இலங்கை ரெலிக்கொம் நிறுவனத்தின் இணைய வலைக்குரிய எண் 9329. நாட்டின் பல்கலைக்கழகங்களை ஒன்றிணைக்கும் 'லேர்ன்' என்னும் கல்வி ஆராய்ச்சி வலைக்குரியது 38229. கிளிவெட்டியிலிருந்து புறப்படும் படம் இத்தகைய ஓர் எண்ணுக்குரிய வலையில் ஏறி, கடலடி வடத்தின் வழியே பிற நாட்டு எண்கள் சிலவற்றைக் கடந்து, கனடாவில் ஓர் எண்ணில் இறங்குகிறது.

இவ்வெண்களின் தொடக்கம் எளியது. 1982 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் எரிக் ரோசன் தன்னாட்சி வலையமைப்பு என்னும் கருத்தை வைத்து ஒரு நெறிமுறையை வெளியிட்டார். 1983 ஆம் ஆண்டு சனவரியில் ஜோன் போஸ்ரல் என்பவர் வெளியிட்ட எண் பட்டியலில் அவ்வெண்கள் இடம்பெற்றன. ஒன்றாம் எண் பாஸ்ரன் பக்கத்துக் கம்பனி ஒன்றின் வாயில்களுக்கும், மூன்றாம் எண் மாசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்துக்கும் உரியனவாயின. பட்டியலைப் பேணியவர் பெரும்பாலும் போஸ்ரல் ஒருவரே. எண் வேண்டியவர் அவரைக் கேட்டார். அவர் எழுதிக் கொடுத்தார். ஊர்ப் பெரியவர் ஒருவர் யார் காணி எங்கே முடிகிறது என்பதை நினைவில் வைத்திருந்து, வேலித் தகராறு வந்தால் தீர்த்துவைப்பது போன்ற காலம் அது. அவர் 1998 ஆம் ஆண்டு அக்டோபரில் காலமானார்.

இதற்கிடையில், 1989 ஆம் ஆண்டு சனவரியில், ரெக்சாஸ் மாநிலத்து ஓஸ்ரின் நகரில் இணையப் பொறியியலாளர் கூட்டம் ஒன்று நடைபெற்றது. மதிய உணவு வேளையில் கேர்க் லோகீட், யாக்கோவ் ரெக்ரர் என்னும் இருவர் உணவு மேசையிற் கிடந்த கைதுடைக்கும் கடதாசிகளில் ஒரு புதிய நெறிமுறையை வரைந்தனர். அவ்வாண்டு யூனில் அது முறைப்படி வெளிவந்தது. எல்லை வாயில் நெறிமுறை எனத் தமிழிற் சொல்லத்தக்க அது, பிற்காலத்திற் பலமுறை திருத்தப்பெற்று, இன்றளவும் உலக இணையத்தை இயக்கி வருகிறது. தற்காலிகத் தேவைக்காக உணவு மேசையில் எழுதப்பட்ட ஒன்று உலகம் முழுவதையும் சுமக்கலாயிற்று. வரலாற்றில் இவ்வாறு நிகழ்வது புதுமையன்று.

அந்நெறிமுறையின் சாரம் ஒன்றே: அறிவிப்பு. ஒவ்வொரு வலையும் தன்னிடமுள்ள முகவரித் தொகுதிகளைத் தன் அயல் வலைகளுக்கு அறிவிக்கிறது. இன்ன முகவரிகள் என்னிடம் உள்ளன, அவற்றுக்குரிய செய்திகளை என்னிடம் தருக என்பது அறிவிப்பின் பொருள். அயல் வலை அதனைக் கேட்டு, தன் எண்ணையும் அதன் முன் சேர்த்து, தனக்கு அப்பாலுள்ள வலைக்குச் சொல்லுகிறது. இவ்வாறு செவிவழி பரவிச் சிறிது நேரத்தில் உலகமெங்கும் அவ்வழி தெரிந்துவிடுகிறது. இதில் கவனிக்க வேண்டியது யாதெனில், அறிவிப்பவர் அம்முகவரிக்கு உரியவர்தாமா என்று கேட்கும் ஏற்பாடு அந்நெறிமுறையில் இடம்பெறவே இல்லை. ஒருவரையொருவர் நேரில் அறிந்த சிலருக்காக எழுதப்பட்டமையால் அக்கேள்விக்கு அன்று தேவை தோன்றவில்லை.

தேவை தோன்ற நெடுநாள் ஆகவில்லை. 1997 ஆம் ஆண்டு ஏப்பிரல் 25 ஆம் நாள் 7007 என்னும் எண்ணுக்குரிய சிறிய அமெரிக்க வலை ஒன்றின் கருவி பிசகி, உலகத்தின் பெரும்பகுதி முகவரிகளுக்குத் தானே உரியதெனச் சொல்லத் தொடங்கிற்று. கேட்டவை நம்பின. இணையத்தின் போக்குவரத்து அச்சிறு வாயிலை நோக்கித் திரண்டு முட்டி நின்றது. அதில் எவருக்கும் தீய நோக்கம் இருந்ததில்லை.

இன்னும் பரவலாக அறியப்பட்ட நிகழ்ச்சி நம் அயலில் நடந்தது. 2008 ஆம் ஆண்டு பெப்ரவரி 24 ஆம் நாள், பாகிஸ்தானில் யூடியூப் தளத்தைத் தடைசெய்யும்படி பிறந்த ஆணையை நிறைவேற்ற முற்பட்ட பாகிஸ்தான் ரெலிக்கொம், யூடியூப்பின் முகவரிகள் தன்னிடம் உள்ளன என்றொரு அறிவிப்பைச் செய்தது. நாட்டுக்குள் மட்டும் நிற்க வேண்டிய அது, ஹொங்கொங் நிறுவனம் ஒன்றின் வலைவழியாக வெளியே கசிந்தது. யூடியூப் நிறுவனம் 1,024 முகவரிகளைக் கொண்ட தொகுதியை அறிவித்திருந்தது; பாகிஸ்தான் அறிவித்ததோ அதனுள் அடங்கிய 256 முகவரிகளை மட்டும். இரண்டு அறிவிப்புகளில் குறுகியது எதுவோ அதனையே நம்புவது நெறிமுறையின் இயல்பு. மூதூர்க் கடிதங்கள் எல்லாம் என் பொறுப்பு என்று ஒருவரும், மூதூரிலும் கிளிவெட்டிக் கடிதங்கள் மாத்திரம் என் பொறுப்பு என்று வேறொருவரும் சொன்னால், கிளிவெட்டிக் கடிதத்தைத் தபாற்காரன் இரண்டாமவரிடம் கொடுப்பது போன்றது இது. இலங்கை நேரப்படி நள்ளிரவு கடந்து 17 நிமிடத்துக்குத் தொடங்கிய அவ்விடர், அதிகாலை 2.31 மணிக்கே முற்றாக நீங்கிற்று. இடைப்பட்ட இரண்டே கால் மணி நேரமும் உலகத்தின் பெரும்பகுதிக்கு யூடியூப் காணாமற்போயிருந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் உரியவர் விழித்திருந்தார். தம் பொருள் போனதை உடனே கண்டார், கூக்குரலிட்டார், மீட்டார். உரியவர் விழித்திராத இடத்தில் என்ன நடக்கும் என்பதுதான் இவ்வுரைக்கு உரிய பொருள்.

போஸ்ரல் கையில் இருந்த பட்டியல் காலப்போக்கில் ஐந்து பிரதேசப் பதிவகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஆசிய பசிபிக் பிரதேசத்துக்குரியது 1993 ஆம் ஆண்டில் ரோக்கியோவில் ஒரு பரீட்சார்த்த முயற்சியாகத் தொடங்கி, 1998 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகருக்கு இடம்பெயர்ந்தது. இலங்கைக்குரிய எண்களும் முகவரிகளும் அப்பதிவகத்தின் ஏட்டிலேயே உள்ளன. அந்த ஏடு இரகசியமானதன்று. ஒவ்வொரு நாளும் அது புதுப்பித்து வெளியிடப்படுகிறது. எந்த எண், எந்த நாட்டுக்கு, எந்த நாளில் வழங்கப்பட்டது என்று ஒரு வரிக்கு ஒன்றாக அதில் எழுதியிருக்கும். இலங்கைக்கு 'எல்.கே.' என்னும் ஈரெழுத்துக் குறி.

எண்கள் முதலில் 65,536 மட்டுமே இருந்தன. அவை போதாமற்போகும் என்று கண்டு 2007 ஆம் ஆண்டில் அந்தக் கணக்கை நானூறு கோடிக்கு மேலாக விரிக்க வகைசெய்தனர். எனவே எண்ணுக்குப் பஞ்சம் வருவதற்கில்லை. முகவரிக்கோ பஞ்சம் வந்தது. பழைய முறையில் அமைந்த ஏறத்தாழ 429 கோடி முகவரிகளுள் உலகப் பொதுக் களஞ்சியத்திலிருந்த இறுதித் தொகுதிகள் 2011 பெப்ரவரியிற் பகிர்ந்தளிக்கப்பட்டன. அவ்வாண்டு ஏப்பிரலில் பிறிஸ்பேன் பதிவகமும் தன் இறுதித் தொகுதியைத் தொட்டு, அளந்து கொடுக்கும் நிலைக்கு வந்தது. அதுவரை கேட்டவருக்குக் கேட்டவாறு கிடைத்த முகவரிகள் அதன்பின் விலைப்பொருளாயின. நெல் விலை ஏறிய ஆண்டில் எவருமே திரும்பிப் பாராத மேட்டுக் காணிக்கும் ஆள் வருவது உலக இயல்பன்றோ?

எண்ணும் முகவரியும் ஏன் உறங்குகின்றன? எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் எண் பெற்ற நிறுவனங்கள் பல இன்று இல்லை. ஒரு கம்பனியை வேறொன்று வாங்கியது. வாங்கியது தன் சொந்த எண்ணைப் பாவித்தது. பழைய எண் ஏட்டில் மட்டும் எஞ்சியது. ஒரு திணைக்களம் பிறிதொன்றோடு சேர்க்கப்பட்டது. எண் பெற்ற பொறியியலாளர் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் வந்தவருக்கு அப்படியொரு எண் உண்டென்றே தெரியாது. சில எண்கள் பெறப்பட்ட நாள்முதல் ஒருபோதும் அறிவிக்கப்படவே இல்லை. ஏடு அவற்றை உரிமையாளர் பெயரோடு காட்டுகிறது. பெருவழிகளில் அவற்றின் குரல் கேட்பதில்லை. உறுதி எழுதிய பெட்டி வீட்டில் உள்ளது, காணியில் விளக்கெரியவில்லை என்பது போன்ற நிலை.

கள்வனுக்கு இதைவிட உகந்த பொருள் வேறில்லை. புதிதாக எண் பெற வேண்டுமாயின் தன் பெயரும் நிறுவனமும் சொல்ல வேண்டும். பணம் செலுத்த வேண்டும். தீமை செய்து அகப்பட்டால் அந்த எண்ணை உலகம் ஒதுக்கிவிடும். உறங்கும் எண்ணோ பழைய நற்பெயருடன் கிடக்கிறது. அதனை எடுத்து, அதேபோல் உறங்கும் முகவரித் தொகுதி ஒன்றை அதன்பேரில் அறிவித்தால், பார்ப்பவருக்கு அது நெடுங்காலத்துக்குப் பின் வீடு திரும்பிய உரிமையாளன் போலத் தோன்றும். அங்கிருந்து இலட்சக்கணக்கில் குப்பை மின்னஞ்சல்களை அனுப்பிவிட்டு, உலகம் விழித்துக்கொள்ளும் வேளையில் அறிவிப்பை நிறுத்திவிட்டுப் போய்விடலாம். 2003 ஆம் ஆண்டிலேயே, நோத்ரப் குறும்மன் என்னும் பெரிய அமெரிக்கப் படைக்கல நிறுவனத்தின் பாவனையற்ற முகவரித் தொகுதி ஒன்றைக் குப்பை அஞ்சல்காரர் இவ்வாறு கைக்கொண்ட செய்தி வெளிவந்தது. 2015 ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் மூவர் இத்தகைய கைப்பற்றல்களைத் தொடர்ந்து நோக்கி ஒரு கட்டுரை வெளியிட்டனர். உறங்கும் தொகுதிகளைத் தேடிப்பிடித்து, ஒரு வாரத்துக்கு உட்பட்ட சிறு காலம் பாவித்து, மீண்டும் கிடந்தபடி போட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லும் வழக்கம் அதில் வெளிப்பட்டது.

இதைக்காட்டிலும் பெரியதொரு நிகழ்ச்சி 2019 ஆம் ஆண்டில் ஆபிரிக்கப் பதிவகத்தைச் சூழ்ந்தது. தென்னாபிரிக்க நிறுவனங்கள் பலவற்றின் பெயரில் நெடுங்காலம் அசையாது கிடந்த தொகுதிகள் ஏட்டிலேயே பெயர் மாற்றப்பட்டு விற்கப்பட்டமையைத் தனிப்பட்ட ஆய்வாளர் ஒருவரும் தென்னாபிரிக்கப் பத்திரிகையாளர் ஒருவரும் வெளிப்படுத்தினர். நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகள் இவ்வாறு கைமாறியிருந்தன. வெளியே நின்று அறிவிப்பவன் பொய் சொல்வது ஒன்று. ஏடே பொய் சொல்லத் தொடங்குவது வேறொன்று. முன்னதற்கு ஏட்டைக் காட்டி மறுமொழி சொல்லலாம். பின்னதற்குப் பழைய ஏட்டின் பிரதியைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. நாள்தோறும் வெளியாகும் பட்டியலைச் சேர்த்து வைப்போரின் அருமை அப்போதுதான் விளங்கும்.

அவ்வாறு சேர்த்து வைப்போர் உண்டு. அமெரிக்காவின் ஒறிகன் பல்கலைக்கழகம் தொண்ணூறுகளின் பிற்பகுதி முதல் உலகின் பல வாயில்களிற் கேட்கும் அறிவிப்புகளைப் பதிந்து வருகிறது. ஐரோப்பியப் பதிவகமும் அதேபோல் ஒரு செவியை வைத்திருக்கிறது. ஆசிய பசிபிக் பதிவகத்தைச் சேர்ந்த ஜெவ் ஹியூஸ்ரன் பல்லாண்டுகளாக இவ்வழிகளின் வளர்ச்சியைக் கணக்கெடுத்து எழுதி வருபவர். 2021 ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் குழு ஒன்று பதினேழு ஆண்டுப் பதிவேடுகளையும் அதே காலத்து அறிவிப்புகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு வாழ்க்கை உண்டு என்பது அவர்கள் கண்ட உண்மை: ஏட்டில் ஒரு வாழ்க்கை, வழியில் ஒரு வாழ்க்கை. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாத இடங்களில்தான் மறதியும் பிழையும் களவும் குடியிருந்தன.

காவல் செய்யும் முறை பெரிய மந்திரமன்று. ஏட்டையும் அறிவிப்பையும் ஒப்புநோக்கி, ஏட்டிலிருந்தும் நெடுங்காலம் பேசாத எண்களைத் தனியே குறித்துக்கொள்கின்றனர். குறித்த எண் ஒன்று திடீரெனப் பேசினால் அதனை உற்றுநோக்குகின்றனர். தன் நாட்டுத் தொகுதிகளை அறிவிக்கிறதா, கடல் கடந்த நாட்டுத் தொகுதிகளையா? அதற்கு வழிவிடும் அயல் வலை முன்பு அறிமுகமானதா, முன்பின் உறவே இல்லாததா? ஒரே நாளில் பல தொகுதிகளை அள்ளிக்கொண்டு வந்ததா? இறுதியாக, ஏட்டில் எழுதியிருக்கும் மின்னஞ்சல் முகவரி எவரிடம் உள்ளது? இக்கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். ஆயினும் களவின் திறவுகோல் பலகாலும் அதுவே. மூடப்பட்ட கம்பனி தன் இணையப் பெயருக்கு ஆண்டுக் கட்டணம் செலுத்தாது விட்டுவிடுகிறது. பெயர் காலாவதியாகிறது. எவனோ ஒருவன் சிறு தொகை கொடுத்து அதே பெயரை வாங்குகிறான். அதன்பின் உரிமையாளருக்கென்று பதிவகம் எழுதும் கடிதமெல்லாம் அவன் கைக்கே போகும். அவனும் உரிமையாளன் என்ற பெயரிலேயே மறுமொழி எழுதுவான்.

இந்த இடத்தில் காவலர்களுக்குள்ளேயே ஒரு கருத்து வேற்றுமை எழுகிறது. உறங்கும் எண்ணை என்ன செய்வது? பாவியாததைப் பதிவகம் திரும்ப எடுத்து வேண்டியவருக்குக் கொடுத்துவிட்டாற் களவுக்கு இடமிராது என்பர் ஒரு சாரார். பேசாமலிருப்பது கைவிட்டமைக்குச் சான்றாகாது, வெளியே அறிவியாமல் உள்வேலைக்கு வைத்திருப்போரும் உளர், இடரினாற் பேச முடியாதிருப்போரும் உளர் என்பர் மறு சாரார். பிறிஸ்பேன் பதிவகம் இதற்கு ஒரு தவணை விதித்தது. பதிவகங்கள் தோன்றுமுன் வழங்கப்பட்ட பழைய முகவரிகளும் எண்களும் வைத்திருப்போர், 2023 ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாளுக்கு முன் வந்து தம்மை அறிமுகப்படுத்திக் கணக்குத் திறக்க வேண்டும். வாராதவரின் பதிவு பொது ஏட்டிலிருந்து நீக்கி ஒதுக்கி வைக்கப்படும் என்பது அத்தீர்மானம். உடைமையை உடனே வேறொருவருக்குக் கொடுத்துவிடாமல் ஒதுக்கி வைத்தது நன்று. எனினும், அறிவித்தல் சென்றடையும் முகவரியே செத்துப்போயிருக்கும்போது, தவணை சொன்னது உரியவர் காதில் விழுந்திருக்குமா என்ற ஐயம் நீங்குவதில்லை.

இக்கேள்வி கிளிவெட்டிக்குப் புதிதன்று. 2006 ஆம் ஆண்டு ஏப்பிரலில் சம்பூர்ப் பகுதி மக்கள் போரினால் ஊரைவிட்டு நீங்கினர். மட்டக்களப்புப் பக்கம் சென்று அலைந்த பின், 2007 முதல் அவர்களுட் பலர் கிளிவெட்டியிலும் அயலூர்களிலும் அமைந்த இடைத்தங்கல் முகாம்களில் வாழ்ந்தனர். தங்கள் காணிகளை அவர்கள் விட்டுவிடவில்லை. அவற்றுக்குப் போக முடியவில்லை. 2007 ஆம் ஆண்டில் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமென அறிவிக்கப்பட்டது. பின்னர் கைத்தொழில் வலயத்துக்கென ஒதுக்கப்பட்ட 818 ஏக்கர் காணி தொடர்பான அறிவித்தல் 2015 ஆம் ஆண்டில் இரத்துச் செய்யப்பட்டு மக்கள் திரும்பலாயினர். கடற்படை முகாம் அமைந்திருந்த 237 ஏக்கர் 2016 ஆம் ஆண்டில் விடுவிக்கப்பட்டது. எட்டாண்டுக்கு மேலாகக் கிளிவெட்டி முகாமில் இருந்த ஒருவரைப் பார்த்து, நீர் உமது காணியில் விளக்கேற்றவில்லை, ஆதலால் அது உமதன்று என்று எவரேனும் சொல்லியிருந்தால் அது நியாயமாகாது என்பதை விளக்க வேண்டியதில்லை.

இலங்கையின் சட்டமும் இதே முடிச்சை ஒருமுறை அவிழ்க்க நேர்ந்தது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, பிறர் காணியை இடையீடின்றிப் பத்தாண்டு தமதென ஆண்டுவந்தவர் அதற்கு உரிமை கோரலாம். அமைதிக் காலத்துக்கு அது பொருந்திய விதி. உரியவர் பத்தாண்டாக வாய் திறக்கவில்லை என்றால், அவருக்கு அக்காணியில் அக்கறை இல்லை எனக் கொள்ளலாம். போர்க்காலத்திலோ வாய் திறவாமைக்குக் காரணம் வேறு. ஆகவே 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே முதலாம் நாள் தொடக்கம் 2009 மே 18 ஆம் நாள் வரையில், ஆயுதக் குழுக்களின் நடவடிக்கை காரணமாகத் தம் உரிமையைத் தொடர முடியாதிருந்தவருக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கில் எடுக்கலாகாது என்பது அதன் கருத்து. சம்பூரில் நிகழ்ந்தது அரசாங்க அறிவித்தலினால் வந்த தடை. தனியொருவர் ஆண்டுவந்த வழக்கன்று. ஆதலால் இச்சட்டத்தை அதற்கு நேரே பொருத்துவது தவறு. ஆயினும் மௌனத்துக்குக் காரணம் கேட்ட பின்னரே மௌனத்தை எண்ண வேண்டும் என்ற நிலையை ஒரு நாட்டின் சட்டமன்றம் ஏட்டில் எழுதியது என்பது இங்கே கருதத்தக்கது. 

இணையத்தில் பத்தாண்டு காத்திருக்கவும் தேவையில்லை என்பது அதன் தனிக் குறை. காணியிற் குடியேறுபவன் வேலி போட வேண்டும், அயலவர் காண்பர். வழியில் அறிவிப்பவனுக்கு ஒரு நாழிகை போதும். அயலவர் என்று சொல்லத்தக்கவர், ஒப்புநோக்கும் அந்தச் சிலரே. அவர்களிலும் பலர் கூலிக்குச் செய்பவரல்லர்.

கடந்த பதினைந்து ஆண்டுகளில் ஒரு பூட்டு வந்திருக்கிறது. முகவரித் தொகுதிக்கு உரியவர், இன்ன எண்ணே என் தொகுதியை அறிவிக்கலாம் என்று பதிவகத்தின் வழியாகக் கணித முத்திரை இட்டு ஒரு சான்று வெளியிடலாம். 2012 ஆம் ஆண்டளவில் வரையறுக்கப்பட்ட அம்முறையை இன்று பெரிய வலைகள் பலவும் மதிக்கின்றன. முத்திரைக்கு மாறான அறிவிப்பைக் கேட்டால் அவை புறக்கணித்துவிடும். உறங்கும் தொகுதிக்கும் இதில் ஒரு வழி வைத்தனர். பூச்சியம் என்னும் எண் எந்த வலைக்கும் கொடுக்கப்படாதது. தம் தொகுதியை இப்போது பாவியாதவர், இதற்கு உரிய எண் பூச்சியம் என்று முத்திரை இட்டுவிட்டால், எவர் அறிவித்தாலும் அது பொய் என்று உலகம் அறிந்துகொள்ளும். எவருக்கும் கொடாது தன் கையிலுள்ள முகவரிகளுக்கு 2020 ஆம் ஆண்டில் பிறிஸ்பேன் பதிவகமே இவ்வாறு பூச்சிய முத்திரை இட்டது.

இந்தப் பூட்டைப் பூட்ட உரியவர் ஒருமுறையாவது விழித்தெழ வேண்டும் என்பது ஒன்று. அது காணிக்குப் போடும் பூட்டேயன்றி ஆளின் பெயருக்குப் போடும் பூட்டன்று என்பது மற்றொன்று. கள்வன் உறங்கும் எண்ணையே தன் அறிவிப்பின் தொடக்கத்திற் பொய்யாக எழுதிக்கொண்டால், முத்திரையோடு ஒப்பிடுபவருக்கு எண் சரியாகவே தோன்றும். எந்த எண் எந்த எண்ணின் வழியாக வெளியே வரலாம் என்பதையும் முத்திரையிட்டுச் சொல்லும் மற்றொரு முறையைப் பொறியியலாளர் வகுத்து வருகின்றனர். அதுவரையில், ஐந்து பதிவகங்களும் நாள்தோறும் வெளியிடும் பட்டியலை எடுத்து, 'எல்.கே.' என்னும் குறி கொண்ட வரிகள் உட்பட ஒவ்வொரு வரியையும் அன்றைய அறிவிப்புகளோடு ஒப்புநோக்கிப் பார்க்கும் வேலை நடந்து வருகிறது.